பதக்காரர் வீட்டு வைஃபை

உலகத்தில் கெட்டுப்போகிற எல்லாமே ஈரத்தால்தான் கெட்டுப்போகின்றன என்று கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்யக்கூடிய ஒரே மனிதர், நான் பார்த்தவரையில், தெமோதரை ஸ்டேஷனுக்குக் கீழே குடியிருக்கும் பதக்காரர்தான். கடிகாரம் நின்றால் ஈரம். பல் வலித்தால் ஈரம். எதிர்வீட்டில் புருஷனும் பெண்சாதியும் சண்டை போட்டால், "செவுத்துல ஈரம் எறங்கியிருக்கு, அதான் ரெண்டு பேருக்கும் தலை கனக்குது" என்பார். ஒருமுறை பதுளை ரயில் இரண்டு மணி நேரம் தாமதமாக வந்தது. தண்டவாளம் ஈரமாம்.

நான் பல ஊரில் பல முதலாளிகளிடம் திட்டு வாங்கியவன். கரும்புக் காட்டில் கத்தி காலில் பட்டபோதுகூட நான் அழவில்லை. இந்த மனிதர் என்னை அழவைக்கும் எல்லைவரை கொண்டுபோனார். அதுவும் ஒரு பழைய கம்பியூட்டரையும் ஒரு வைஃபையையும் வைத்துக்கொண்டு.

பதக்காரர் நாற்பது வருஷம் தேயிலை ஃபெக்டரியில் இருந்தவர். பச்சைக் கொழுந்தைப் பரப்பி வாட்டும் இடத்தில் அவருக்கு வேலை. வாடிய கொழுந்தில் ஒரு பிடி அள்ளி, இறுக்கிப் பிடித்து, பிறகு விரல்களை மெதுவாக விரிப்பார். கைக்குள் இருக்கிற உருண்டை எப்படிக் கலைகிறது என்று பார்த்துவிட்டு, "பதம் வந்துருச்சு" என்றோ "பதம் வரல" என்றோ சொல்வார். அவர் சொல்லாமல் அடுத்த மெசின் ஓடாது. பெரிய துரையே வந்து நின்றாலும் ஓடாது. அதனால்தான் பதக்காரர். அவருடைய சொந்தப் பெயர் தபால்காரருக்குத் தெரிந்திருக்கலாம்.

பென்ஷன் வயது வந்து அவர் வீட்டுக்கு வந்துவிட்டார். கை மட்டும் வேலையை விடவில்லை. காயப்போட்ட துணி, கடையில் அடுக்கிவைத்த பாண் ரொட்டி, பேங்கில் இருந்து வந்த கடிதம், எது கிடைத்தாலும் ஒரு பிடி பிடித்து இறுக்கி, விரல் விரித்துப் பார்ப்பார். பாண் கடைக்காரர் இவர் தலையைக் கண்டாலே கண்ணாடிக் கதவைச் சாத்திவிடுவார். "பெரியவரே, அங்கேயே நில்லுங்க. எத்தனை ராத்தல்னு மட்டும் சொல்லுங்க."

ஆனால் கதவுக்கு உள்ளே நின்று கடைக்காரர் சொல்வது இவருக்கு எங்கே கேட்கும்? நாற்பது வருஷ மெசின் இரைச்சல் இரண்டு காதையும் தின்றுவிட்டது.

இனி என்னைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்லவேண்டும், இல்லாவிட்டால் நான் எப்படி அவரிடம் மாட்டினேன் என்பது விளங்காது. எனக்கு எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. கொஸ்லந்தைப் பக்கம் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் மண் சரியும் என்று காலி செய்யச் சொன்னபோது, குடும்பம் குடும்பமாகக் கொண்டுபோய்ப் பள்ளிக்கூடத்தில் தங்கவைத்தார்கள். நான் தொடர்ந்து பள்ளிக்கூடத்தில் இருந்தது அந்த மூன்று மாதம்தான். பிறகு மொனராகலையில் கரும்பு வெட்டினேன். கொழும்பில் ஹோட்டலில் கோப்பை கழுவினேன். பண்டாரவளையில் லொறிக்குக் கிளீனராக ஓடினேன். எங்கும் ஆறு மாதத்துக்கு மேல் கால் தரிக்கவில்லை. அப்படிச் சுற்றிவரும்போது பதுளை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு முஸ்லிம் அண்ணனின் போன் கடையில் ஒதுங்கினேன், நானா என்றுதான் எல்லோரும் அவரைக் கூப்பிடுவார்கள்.

நானா எனக்குத் தொழில் சொல்லித்தந்தது ஒரே ஒரு நாள், அதுவும் தேத்தண்ணி குடித்துக்கொண்டே.

"தெரியாதுண்டு மட்டும் சொல்லிறாத தம்பி. பாத்துட்டுச் சொல்றேண்டு சொல்லு. பொறகு அணைச்சுப்போட்டுத் திரும்பப் போடு. பாதிச் சாமான் அதிலயே சரியாப் போயிரும்."

"மத்தப் பாதி, நானா?"

"மத்தப் பாதிக்கு நான் கடையில இல்லண்டு சொல்லு."

இந்தப் படிப்போடு நான் உட்கார்ந்திருந்த ஒரு நாள்தான் பதக்காரர் கடைக்கு வந்தார். பழைய கம்பியூட்டருக்கு வைஃபை வருவதற்காகச் செருகும் சிறிய குச்சி ஒன்று கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். கைக்குள் வைத்து இறுக்கினார். விரலை விரித்தார். என்னைப் பார்த்தார்.

"பரவால்ல. காஞ்சுதான் இருக்கு. நீ வந்து மாட்டிக் குடு."

"வீட்டுக்கெல்லாம் வர்றதில்ல ஐயா."

"பதினொரு மணி பஸ்ஸா? சரி, நிக்கிறேன்."

காது கேட்காதவரிடம் மறுப்புச் சொல்லுவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். நானா சிரித்தபடி என் சட்டையைப் பிடித்துக் கடைக்கு வெளியே தள்ளிவிட்டார்.

வீட்டு முன்னறையில் கம்பியூட்டர் இருந்தது. கம்பியூட்டர் என்று நான் சொல்கிறேன். அவர் "மெசின்" என்றுதான் சொல்வார். தோட்டத்து ஆபீஸில் புதிது வாங்கியபோது கழித்துவிட்டது. திரை பின்பக்கம் புடைத்து, ஒரு கர்ப்பிணி ஆடு மாதிரி மேசையை நிறைத்துக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் திருவிழாவுக்குக் கட்டுகிற அளவுக்கு இரண்டு ஸ்பீக்கர். தலைமேல் கெமரா ஒன்றை ரப்பர் பேண்டால் கட்டியிருந்தார்.

காலையில் ஐந்து மணிக்கே மெசினைப் போட்டுவிடுவார் என்று அவர் மனைவி சொன்னார். நான் அத்தை என்று கூப்பிட ஆரம்பித்துவிட்ட அந்த அம்மாள் அதிகம் பேசமாட்டார்.

"எதுக்கு மாமா அஞ்சு மணிக்கு?" என்று அவர் காதருகே போய்க் கத்தினேன்.

"சூடேறாத மெசின்ல கொழுந்து போடுவானாடா எவனாவது?"

சிம் போட்ட ரவுட்டர் ஒன்று பக்கத்து மேசையில், பூப்போட்ட துணி விரித்து, துடைத்து வைக்கப்பட்டிருந்தது. டாக்டர் வருகிறார் என்று நோயாளியைக் குளிப்பாட்டி உட்காரவைத்த மாதிரி. நான் குச்சியைச் செருகினேன், அணைத்துப் போட்டேன், பாஸ்வேர்டை அடித்தேன். நாலு கோடும் நிறைந்து சிக்னல் வந்தது. எனக்கே ஆச்சரியம்.

"இனி பிரச்சினை இல்ல மாமா. ஆனா இவ்வளவு பாடு எதுக்கு? ஒரு டச் போன் வாங்கினா முடிஞ்சுதே."

அத்தைதான் பதில் சொன்னார், சோறு போட்டுக்கொண்டே.

ஐம்பது வருஷத்துக்கு முன்னால், இரண்டு அரசாங்கமும் போட்ட ஒப்பந்தத்தின்படி தேயிலைத் தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலத்தில், பதக்காரருடைய அப்பா, அம்மா, தங்கை மூன்று பேருக்கும் இந்தியப் பிரஜாவுரிமை வந்தது. இவர் பெரியப்பா வீட்டில் வளர்ந்தவர். பெரியப்பாவின் மனுவில் பெயர் இருந்ததால் இவருக்கு இலங்கைப் பிரஜாவுரிமை வந்தது. அவர்கள் கப்பலேறினார்கள். இவர் கொழுந்து வாட்டப் போனார். அவர்கள் ரயிலேறிய அன்றைக்கு இவர் ஸ்டேஷன் பக்கமே போகவில்லையாம். பதினேழு வயதுக் கோபம். கொஞ்சக் காலம் கடிதம் வந்தது, பிறகு அதுவும் நின்றது. இப்போது தங்கையின் பேரன் ஒருவன் கோயம்புத்தூரில் வேலை செய்கிறான். அவன் ஃபேஸ்புக்கில் ஒரு பழைய படத்தையும் தோட்டத்தின் பெயரையும் போட்டுத் தேடி, ஆள்மாறி ஆள்மாறி இந்த வீட்டைக் கண்டுபிடித்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமைதான் அவன் கோத்தகிரிக்குப் பாட்டி வீட்டுக்கு வருவான். ஞாயிறு காலை பத்து மணிக்கு அண்ணனும் தங்கையும் முகம் பார்த்துப் பேசவேண்டும். அதற்குத்தான் இந்த ஆடும் ஸ்பீக்கரும்.

"போன்ல காட்டினா என்னா மாமா?" என்று நான் என் போனை நீட்டினேன்.

அவர் அதை எட்டிப் பார்த்தார். கண்ணிலும் கொஞ்சம் படலம் உண்டு.

"அம்பது வருஷம் கழிச்சு பாப்பா மூஞ்சிய நெருப்புப் பெட்டி சைஸ்லயாடா பாக்கச் சொல்ற?"

பாப்பா என்பது தங்கை. வயது அறுபத்து நாலு.

அந்த ஞாயிற்றுக்கிழமை பத்தே காலுக்கு எனக்கு போன் வந்தது. அவருடைய போன் அழைப்பு எப்படி என்றால், அவர் சொல்வார், நாம் கேட்கலாம்; நாம் சொல்வதற்குள் வைத்துவிடுவார்.

"டேய்! போயிருச்சுடா!"

அவ்வளவுதான். கோத்தகிரியில் ஒரு கிழவி புதுச்சேலை கட்டி ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்துபோனதாகப் பேரன் எனக்குச் செய்தி அனுப்பினான். தொடர்புக்கு என் நம்பரைத்தான் கொடுத்து வைத்திருந்தார்கள்.

திங்கட்கிழமை போனேன். ரவுட்டர் பூத்துணியில் சுத்தமாக உட்கார்ந்திருந்தது. கம்பியூட்டரில் நாலு கோடும் நிறைந்திருந்தது. நான் ஒன்றையும் தொடவே இல்லை.

"இருக்கே மாமா!"

"இப்ப இருக்கு. நேத்து இல்ல."

இதற்கு என்ன வைத்தியம் செய்வது? காய்ச்சல் டாக்டரைக் கண்டதும் ஓடிப்போகிற கதை. சும்மா வரக்கூடாது என்பதற்காகக் குச்சியின் சொஃப்ட்வெயாரை அழித்துத் திரும்பப் போட்டேன். அது முடிய இரண்டு மணி நேரம். மெசினுக்கு மூச்சு வாங்கியது. பதக்காரர் அதன் முதுகில் கைவைத்துப் பார்த்து, "இப்பதான் பதத்துக்கு வருது" என்றார். நான் பஸ் ஏறி, பதுளையில் இறங்கும்போது போன் அடித்தது.

"டேய்! போயிருச்சுடா!"

அடுத்த வாரம் வேறு குச்சி கொண்டுபோனேன். வந்தது. திரும்பி வந்தேன். போய்விட்டது. அதற்கும் அடுத்த வாரம் பாஸ்வேர்டை மாற்றினேன், ரவுட்டரின் சிம்மைத் துடைத்துப் போட்டேன், கம்பியூட்டரின் நேரத்தைத் திருத்தினேன், பின்னால் ஒரு கரப்பான் குடும்பம் இருந்தது, அவர்களையும் காலி செய்யவைத்தேன். வந்தது. திரும்பி வந்தேன். போய்விட்டது. ரவுட்டருக்கும் கம்பியூட்டருக்கும் நேராக ஒயர் இழுத்துவிடலாம் என்றால், "எலி" என்ற ஒரே சொல்லோடு அதை முடித்துவைத்தார்.

கடையில் நானா என்னை வைத்து விளையாட ஆரம்பித்துவிட்டார். வருகிற வாடிக்கையாளரிடமெல்லாம், "இவர்தான் எங்கட டவர். இவர் போனாத்தான் தெமோதரையில சிக்னல்" என்று அறிமுகப்படுத்துவார்.

வேடிக்கை என்னவென்றால் பதக்காரரும் அதையேதான் நம்ப ஆரம்பித்திருந்தார். ஆனால் அவர் விளையாடவில்லை.

"நான் யோசிச்சுப் பாத்தேன்டா. நீ வந்தா வருது. நீ போனா போயிருது. அது ஒன்கூட வந்து ஒன்கூடவே போகுது."

"மாமா, அப்படியெல்லாம் இல்ல மாமா. நான் மனுசன்."

"ஒடம்பு வாகு அப்படி. சிலபேர் கைபட்டா கொழுந்து சீக்கிரம் வாடும். எங்க ஃபெக்டரியில ஒருத்தன் இருந்தான், அவன் கொழுந்து வாட்டுற மேல்மாடிக்கு வந்தாலே வாடிரும்."

மூன்று ஞாயிறு இப்படிப் போனது. மூன்றாவது ஞாயிறு சாயங்காலம் பேரனிடமிருந்து செய்தி வந்தது. நான் அதைப் பலமுறை படித்தேன். 'பாட்டி அழுறாங்க. அன்னைக்கே அண்ணன் ஸ்டேஷனுக்கு வரல, இன்னும் கோவம் போகல போல, இனிமே தொந்தரவு பண்ண வேணாம்னு சொல்றாங்க. வர்ற ஞாயிறு கடைசியா ஒருதடவ பாக்குறோம். அன்னைக்கும் வரலைன்னா விட்ருவோம் அண்ணா.'

நான் தப்பு செய்யும் வேலைக்காரன்தான். எங்கள் கடையில் இரண்டு போன் என் கையால் செத்திருக்கிறது. ஆனால் ஒரு அண்ணன் தங்கையைப் பிரித்த பழி என் மேல் வந்ததில்லை. மறுநாள் போய் அந்தச் செய்தியை அவர் காதில் கத்தினேன். 'கோவம்' என்ற சொல்லை அந்த வீட்டு வரிசை முழுக்கக் கேட்கிற மாதிரி இரண்டு தடவை கத்தவேண்டியிருந்தது.

பதக்காரர் தோளில் கிடந்த துண்டை எடுத்து, காய்ந்து கிடந்த மேசையைத் துடைத்தார். அந்தப் பக்கம் போய் ஜன்னலைத் துடைத்தார். பிறகு வந்து கட்டளை போட்டார்.

"சனிக்கெழமையே வந்துரு. ராவு இங்கதான் படுக்கை. ஞாயித்துக்கெழமை பத்து மணிக்கு நீ மெசின் பக்கத்துல ஒக்காந்திருக்கணும். அசையக்கூடாது."

ஆறு மாதத்துக்கு மேல் ஒரு ஊரில் நிற்காத என்னை, ஒரு கம்பியூட்டருக்குப் பக்கத்தில் அசையாமல் உட்காரச் சொன்ன முதல் ஆள் அவர். வரமுடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த மேசையை அவர் திரும்பவும் துடைக்க ஆரம்பித்தார். சரி என்றேன். அதுமட்டும் அவருக்கு முதல் தடவையே கேட்டது.

சனிக்கிழமை பிற்பகல் போய்ச் சேர்ந்தேன். ரவுட்டர் மேசையில். நாலு கோடு. பேரனுக்கு ஒரு செய்தி அனுப்பினேன், எல்லாம் தயார் என்று. பஸ்ஸில் பட்ட தூசி போகக் குளிக்கலாம் என்று, வீட்டுக்குப் பின்னால் ஐம்பதடி இறக்கத்தில் மலைத் தண்ணீர் விழும் பீலிக்குத் துண்டோடு இறங்கினேன். குளிக்கும்போதே மேலே மலையிலிருந்து மிஸ்ட், வெள்ளைப் பனிமூட்டம், இறங்கிவந்து பீலியை மூடியது. பல்லைக் கடித்துக்கொண்டு ஏறிவந்தேன்.

கம்பியூட்டரைப் பார்த்தேன். கோடு ஒன்றுகூட இல்லை.

ரவுட்டரைப் பார்த்தேன். மேசையில் பூத்துணி மட்டும் கிடந்தது.

உள்ளே அடுப்படியில் ஏதோ சத்தம் கேட்டது. ஈரத் தலையோடு போய் எட்டிப் பார்த்தேன். அடுப்புக்கு அருகில் செங்கல் மேல் ஒரு பழைய தேயிலைப் பெட்டி இருக்கும். பலகைப் பெட்டி, முன்காலத்தில் தேயிலை நிரப்பிக் கப்பலுக்கு அனுப்பியது. வீட்டுப் பத்திரமும் பழைய கடிதங்களும் அதற்குள்தான் இருக்கும் என்று தெரியும். மூடி திறந்திருந்தது. உள்பக்கம் நாலு பக்கமும் அடியும் மூடியும் பளபளவென்று ஈயத்தாள். பதக்காரர் முழங்காலிட்டு, பிறந்த பிள்ளையைத் தொட்டிலில் போடுகிற மாதிரி ரவுட்டரை அதற்குள் வைத்துக்கொண்டிருந்தார். ஒயருக்கு மட்டும் மூலையில் ஒரு சிறிய ஓட்டை போட்டு வெளியே எடுத்திருந்தார். ரவுட்டர் உள்ளே பச்சை வெளிச்சத்தோடு மினுங்கிக்கொண்டிருந்தது. மூடியைப் போட்டு, மேலே அம்மிக்குழவியை வைத்தார்.

பெட்டியைக் காட்டிக் கத்தினேன்.

"மாமா, இது என்னா மாமா?"

"மிஸ்ட் எறங்குதுல்ல. ஈரம் பட்டா போச்சு. வெளிய வச்சா ஒரு நாள் தாங்காது."

"தெனமும் இதுக்குள்ளயா வைக்கிறீங்க?"

"பின்ன? நீ வர்றப்ப மட்டும்தான் வெளிய எடுப்பேன். நீ பாக்கணும்ல."

நான் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டேன். நாலு வாரம். இரண்டு குச்சி. ஏழு தடவை சொஃப்ட்வெயார். ஒரு கரப்பான் குடும்பம். நான் அத்தையைத் திரும்பிப் பார்த்தேன். அவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"அத்தே, இத நீங்களாவது சொல்லக்கூடாதா?"

"நீங்க கேக்கவே இல்லையே தம்பி."

நான் குழவியைத் தூக்கிவிட்டு மூடியைத் திறந்தேன். முன்னறையில் மெசின் 'டிங்' என்றது. மூடினேன். அமைதி. திறந்தேன். டிங். அவருக்கு அந்த டிங் கேட்காது. அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்த் திரைக்கு முன்னால் நிறுத்தி, அத்தையைப் பெட்டியை மூடித் திறக்கச் சொன்னேன். கோடு போனது, வந்தது, போனது.

"ஈயத்தாள் சிக்னல மறைக்குது மாமா!"

"யார்கிட்ட சொல்ற? நாப்பது வருஷமா எனக்கு ஈயத்தாள் தெரியும். உள்ள வச்சா வச்ச மாதிரி இருக்கும். கப்பல்ல லண்டன் போய்ச் சேர்ற வரைக்கும் தேயிலை வாசம் ஒரு துளி வெளிய போகாது."

"அதேதான் மாமா! வாசம் எப்படி வெளிய போகாதோ அப்படித்தான் இதுவும் வெளிய போகாது!"

இத்தனை வாரமும் நான் கத்திய எதுவும் அவருக்குள் போனதில்லை. இது போனது. அவர் முகம் மெதுவாக மாறியதைப் பார்த்தேன். திரையைப் பார்த்தார். அடுப்படியைப் பார்த்தார். கீழே உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப மூணு வாரமா பாப்பாவ நாந்தான் பொட்டிக்குள்ள போட்டு மூடி வச்சிருந்தேனா?"

நான் போய்ப் பெட்டியிலிருந்து ரவுட்டரை எடுத்துவந்து மேசையில் வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து மணிக்கு மெசின் ஓட ஆரம்பித்தது. ரவுட்டர் திறந்த மேசையில். வெளியே மிஸ்ட். பதக்காரர் வெள்ளைச் சட்டை போட்டு, திருநீறு பூசி, கையில் சொளகை வைத்துக்கொண்டு ரவுட்டருக்கு விசிறிக்கொண்டிருந்தார்.

"விசிறாதீங்க மாமா. ஒயர் கழண்டுரும்."

"ஜன்னல் வழியா வருதுடா, பாரு, பாரு!"

"வரட்டும்! மிஸ்ட்டு அத ஒண்ணும் பண்ணாது!"

ஜன்னலைச் சாத்தினேன். கதவைச் சாத்தினேன். சாவித் துவாரத்தில் அவர் துண்டின் முனையைச் செருகினார். ஒன்பது மணிக்குள் அந்த அறையில் நாங்கள் மூன்று பேரும் ஒரு மெசினும் வாடிக்கொண்டிருந்தோம். இரண்டு தடவை அவர் பெட்டிப் பக்கம் எழுந்துபோனார். இரண்டு தடவையும் நான் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தேன்.

பத்து மணிக்கு மெசின் அலறியது. நான் பட்டனை அழுத்தினேன். திரை கறுத்தது, நடுங்கியது, பிறகு ஒரு மூக்குத்தி தெரிந்தது. அதைச் சுற்றி மெதுவாக ஒரு முகம் வந்தது. நரைத்த தலை, பச்சைச் சேலை. பின்னால் நின்ற பேரன் பாட்டியின் தலையைப் பிடித்துக் கெமராவுக்கு நேராகத் திருப்பினான்.

பதக்காரர் கையை நீட்டித் திரையைத் தொட்டார். கண்ணாடியில் விரல் பதிந்தது. அத்தை வாயை முந்தானையால் மூடிக்கொண்டார்.

"அண்ணே," என்றது திரை. "இன்னும் கோவமா?"

"என்னா?"

"கோவமான்னு கேட்டேன்!"

"மெசின் எரையுது பாப்பா! சத்தமாப் பேசு!"

நான் ஸ்பீக்கரை முழுக்கத் திருகினேன். மூன்றாவது தடவை அந்தக் கேள்வி ரோடுவரை போயிருக்கும். வாசலில் கட்டியிருந்த நாய் குரைத்தது.

"கோவமாண்ணே?"

இந்தத் தடவை கேட்டுவிட்டது. அவர் துண்டை எடுத்தார். துடைக்க ஒன்றும் கிடைக்கவில்லை. தன் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அன்னைக்குக் கோவந்தான். அது எப்பவோ காஞ்சிருச்சு பாப்பா."

"அப்ப மூணு வாரமா ஏன் வரல?"

"பொட்டியில போட்டு மூடிட்டேன்!"

"என்னத்தண்ணே?"

"ரவுட்டர! தேயிலப் பொட்டிக்குள்ள! ஈயத்தாள் போட்ட பொட்டி! மிஸ்ட்டுக்கு ஈரம் பட்டுருமேன்னு!"

திரையில் முகம் அப்படியே நின்றது. நான் கோடுகளைப் பார்த்தேன். நாலும் இருந்தது. பிறகு அந்த அம்மாள் சிரிக்க ஆரம்பித்தார். மூச்சுவிட முடியாமல், கண்ணில் தண்ணீர் வழிய, பேரனின் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"டேய், இது எங்க அண்ணந்தான்டா! வேற ஆளே இல்ல! என் புதுச் சிலேட்ட அடுப்பு மேல காய வச்சு ரெண்டாப் பொளந்த ஆளுடா இது! மறந்துட்டியாண்ணே?"

"அது ஈரமா இருந்துச்சு," என்றார் பதக்காரர்.

"சிலேட்டு எப்படிண்ணே ஈரமா இருக்கும்?"

"நீ எச்சிலத் தொட்டு அழிச்சா ஈரமா இருக்காதா?"

அப்புறம் ஒரு மணி நேரத்துக்கு அந்தச் சிலேட்டைப் பற்றியே சண்டை. அப்பா யாரை அடித்தார், அம்மா யாருக்காகப் பேசினார், சிலேட்டுக் குச்சி எந்தச் சட்டைப் பையில் இருந்தது. அம்மாவும் அப்பாவும் எந்த வருஷம் கண்ணை மூடினார்கள் என்பதும் அந்தச் சண்டைக்கு நடுவில்தான் வந்தது, வந்தபோது இரண்டு பேரும் கொஞ்சம் நிறுத்திவிட்டுத் திரும்பச் சிலேட்டுக்கே போனார்கள். ஸ்பீக்கர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு இரண்டு காதும் அடைத்துப்போயிருந்தன. கையால் பொத்திக்கொண்டேன். அதை அந்த அம்மாள் பார்த்துவிட்டார்.

"யாருண்ணே அது, பக்கத்துல காத மூடிக்கிட்டு ஒக்காந்திருக்கிறது?"

பதக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். மேலும் கீழும் பார்த்தார்.

"கம்பியூட்டர் பாக்க வர்றவன். ஒண்ணுந் தெரியாது. ஆனா கூப்புட்டா வந்துருவான்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் கூப்பிடவில்லை. ஒன்பது மணிக்கு நானாகப் போய் வாசலில் நின்றேன்.

"ஏன்டா இவ்வளவு நேரம்?" என்றார்.